டைமிங் பெல்ட்: மாற்றும் நாளை நீங்களே முடிவு செய்யுங்கள்

இந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும்போது உங்கள் கையில் ஒரு தேதியும் ஒரு கிலோமீட்டர் எண்ணும் இருக்க வேண்டும். இரண்டில் எது முந்தி வருகிறதோ அன்று உங்கள் காரின் டைமிங் பெல்ட் மாற்றப்பட வேண்டும். அந்த முடிவை எடுக்க மெக்கானிக் படிப்பு தேவையில்லை. வண்டியின் கெரான் (பதிவுச் சான்றிதழ்), பழைய பில்கள், ஒரு டார்ச் லைட், ஒரு பேனா இருந்தால் போதும்.

மலாக்காவில் தோட்டத்துக் குடும்பங்களும் தோட்டத்தை விட்டு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் வீடு வாங்கி வந்தவர்களும் ஓட்டும் கார்களில் பல, இரண்டாவது அல்லது மூன்றாவது கை மாறியவை. இஸ்வாரா, வீரா, வாஜா, சாகா, கஞ்சில் என்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் அந்த வண்டிகளுக்குத்தான் இந்த அத்தியாயம் மிகவும் தேவை.

முதலில் தெரிய வேண்டியது இவ்வளவுதான்

இஞ்சினின் அடியில் கிராங்க் சுற்றுகிறது, மேலே கேம் சுற்றி வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் கட்டிவைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. உள்ளே கண்ணாடி இழை நூல்கள், பல்லின் மேல் நைலான் துணி. அதுதான் டைமிங் பெல்ட்.

பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வைப் பிஸ்டன் வந்து இடிக்கும். புரோட்டோனின் கேம்ப்ரோ இஞ்சினில் இப்படி வால்வு வளைவது ஒர்க்‌ஷாப்காரர்கள் நன்றாக அறிந்த விஷயம். எல்லா இஞ்சினிலும் இது நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் இஞ்சினில் நடக்கும் என்றே வைத்து முடிவெடுங்கள். பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றச் சில நூறு வெள்ளி ஆகும். அறுந்த பிறகு இஞ்சின் ஹெட்டைக் கழற்றி, வால்வு மாற்றி, கேஸ்கட் போட்டு முடிக்கும்போது செலவு ஆயிரங்களில் நிற்கும். பழைய வீராவுக்கு அந்த பில், வண்டியின் விலையையே எட்டிவிடக்கூடும்.

படி 1: உங்கள் வண்டியில் பெல்ட்டா, செயினா?

செயின் உள்ள வண்டிக்கு இந்த அத்தியாயத்தின் கணக்கு பொருந்தாது. இஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்தால் செயின் நீண்ட நாள் உழைக்கும். எனவே முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பெல்ட் உள்ளவை:

- 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, 1992இன் இஸ்வாரா, 1993இன் வீரா, அதன் பின் வந்த சத்ரியா. இவற்றில் இருப்பவை 4ஜி13, 4ஜி15, 4ஜி92, 4ஜி93 என்ற மிட்சுபிஷி இஞ்சின்கள்.
- 2000இல் வந்த வாஜா 1.6. இதில் 4ஜி18 இஞ்சின்.
- கேம்ப்ரோ இஞ்சின் வண்டிகள்: 2004இன் ஜென்-2, பின்னர் வந்த சத்ரியா நியோ, 2007இன் பெர்சோனா, 2008இன் சாகா பிஎல்எம், 2009இன் எக்சோரா.
- 2014இன் ஐரிஸ், 2016இல் வந்த புதிய சாகா, பெர்சோனா. இவற்றின் விவிடி இஞ்சினிலும் பெல்ட்தான்.
- பெரோடுவா கஞ்சில் 660, 850. வீவா 660, 850.
- 1990களின் ஹோண்டா சிவிக்.
- பழைய டொயோட்டா ஹைலக்ஸ் 2.5, 3.0 டீசல். இவற்றின் மீட்டர் பலகையில் ‘டி-பெல்ட்’ என்ற எச்சரிக்கை விளக்கு உண்டு. அந்த விளக்கு கிலோமீட்டரை எண்ணுகிறதே தவிர, ஆண்டுகளை எண்ணுவதில்லை.

செயின் உள்ளவை: 2005 முதல் வந்த மைவி, அல்சா, வீவா 1000, ஆக்சியா, பெசா, 2003 முதல் வந்த டொயோட்டா வியோஸ்.

உங்கள் வண்டி இந்தப் பட்டியலில் இல்லையென்றால் கெரானில் உள்ள இஞ்சின் எண்ணை எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்கள். ‘இந்த இஞ்சினுக்கு டைமிங் பெல்ட் இருக்கிறதா?’ என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

> எச்சரிக்கை: வண்டியின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஹாஃப் கட் கடையில் இஞ்சின் வாங்கி மாற்றிய வீராக்களும் இஸ்வாராக்களும் நிறைய ஓடுகின்றன. இஞ்சின் மேல் பொறித்துள்ள எண்ணும் கெரானில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால், இஞ்சின் மேல் உள்ள எண்ணுக்கு ஏற்ற பெல்ட்டும் தவணையும்தான் பொருந்தும். எண் வேறுபடுவதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் சரிசெய்வது தனி வேலை, அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 2: கையேடு சொல்லும் தவணை

வண்டியோடு வந்த கையேட்டில் சர்வீஸ் அட்டவணை இருக்கும். டைமிங் பெல்ட் என்ற வரியைத் தேடி, அதில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையேடு தொலைந்திருந்தால், மலேசிய ஒர்க்‌ஷாப்களில் நீண்ட காலமாகப் பின்பற்றும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம்: 80,000 முதல் 100,000 கி.மீ.க்குள், அல்லது 5 ஆண்டு, இவற்றில் எது முந்தியோ அது. பழைய வண்டி, கையேடு இல்லை, முன் வரலாறு தெரியாது என்றால் 80,000 கி.மீ. என்ற எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள்.

‘எது முந்தியோ அது’ என்பதை இரண்டு முறை படியுங்கள். பெரும்பாலோர் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார்கள். ரப்பர், ஓடினால் தேய்கிறது. ஓடாமல் நின்றாலும் இஞ்சின் சூட்டிலும் நம் வெயிலிலும் இறுகிப்போகிறது.

படி 3: கடைசியாக மாற்றியது எப்போது?

கீழ்க்கண்ட இடங்களில், இதே வரிசையில் தேடுங்கள்.

1. இஞ்சின் கூடத்தில், டைமிங் கவர் மேல் அல்லது பானட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். நல்ல போர்மேன் தேதியையும் மீட்டர் எண்ணையும் எழுதி ஒட்டியிருப்பார்.
2. டாஷ்போர்டு அறையில் மடித்து வைத்த பழைய பில்கள்.
3. வண்டி வழக்கமாகப் போன ஒர்க்‌ஷாப். பதிவெண்ணைச் சொன்னால் சில இடங்களில் பழைய பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள்.
4. வண்டியை விற்றவர். ‘மாத்தியாச்சு’ என்ற சொல் மட்டும் போதாது. எந்த ஒர்க்‌ஷாப், எந்த ஆண்டு, டென்ஷனர் சேர்த்தா என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் நம்பலாம்.

எதுவும் கிடைக்கவில்லையா? அப்படியானால் தவணை முடிந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். எழுத்தில் ஆதாரம் இல்லாத பெல்ட் பழைய பெல்ட்தான். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விதியை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

> குறிப்பு: ‘பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் வாகனச் சோதனையில் பாஸாகிவிட்டது, பிறகென்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சோதனையில் டைமிங் கவரைத் திறந்து பார்ப்பதில்லை. பிரேக், புகை, விளக்கு, சேஸிஸ் எண் எல்லாம் சரியாக உள்ள வண்டியிலும் பெல்ட் அறும் நிலையில் இருக்கலாம்.

படி 4: கணக்கைப் போடுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: கடைசியாக மாற்றிய தேதியும் மீட்டர் எண்ணும், இன்றைய தேதியும் மீட்டர் எண்ணும், ஓர் ஆண்டில் சுமாராக ஓடும் தூரம். மூன்று மாதிரிக் கணக்குகளைப் பாருங்கள்.

*மாதிரி 1, தொழிற்சாலை வேலைக்குப் போகும் வண்டி.* வீட்டிலிருந்து பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைக்கு ஒரு வழி 30 கி.மீ. என்று வையுங்கள். நாளுக்கு 60 கி.மீ., மாதம் 25 நாள், ஆண்டுக்கு 18,000 கி.மீ. ஐந்து ஆண்டில் 90,000 கி.மீ. இந்த வண்டிக்குக் கிலோமீட்டரும் ஆண்டும் ஏறக்குறைய சேர்ந்தே முடிகின்றன. 80,000 கி.மீ. தவணை வைத்தால் நான்கரை ஆண்டுக்குள்ளேயே மாற்ற வேண்டும்.

*மாதிரி 2, தோட்டத்தில் தாத்தா ஓட்டும் வண்டி.* டைமண்ட் ஜூபிலி தோட்டத்திலிருந்து ஜாசின் சந்தைக்கும் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் மட்டும் போகும் இஸ்வாரா. ஆண்டுக்கு 4,000 கி.மீ. தாண்டாது. பத்து ஆண்டு ஆனாலும் 40,000 கி.மீ.தான். மீட்டரைப் பார்த்தால் பாதித் தவணைதான் ஆகியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஆண்டுக் கணக்கில் தவணை ஒரு முறை முழுதாகக் கடந்து, மறுமுறையும் முடிந்துவிட்டது. பெல்ட் அறுந்து நின்றுபோகும் ஆபத்து ‘குறைவாக ஓடிய நல்ல வண்டி’ என்று பெயர் வாங்கிய இத்தகைய கார்களுக்கும் உண்டு.

*மாதிரி 3, வெளியூர் ஓடும் வண்டி.* வாரக் கடைசியில் ஜொகூர் பாருவிலிருந்து மலாக்காவுக்கு வந்து போகும் பிள்ளைகள் உண்டு. போக வர 440 கி.மீ. அளவு. ஆண்டில் 40 வாரம் வந்தாலே 17,600 கி.மீ., உள்ளூர் ஓட்டம் தனி. இவர்களுக்கு நான்கு ஆண்டுக்குள்ளேயே 80,000 வந்துவிடும். இ-ஹெய்லிங் ஓட்டுபவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம் வரும்.

> எச்சரிக்கை: கேபிள் அறுந்து மீட்டர் நின்றுபோன பழைய வண்டிகளிலும், மீட்டர் பலகையை மாற்றிய வண்டிகளிலும் கிலோமீட்டர் எண்ணை நம்பாதீர்கள். அத்தகைய வண்டிக்கு ஆண்டுக் கணக்கு மட்டுமே.

படி 5: தவணையை முன்னுக்கு இழுக்கும் காரணங்கள்

கையேட்டு எண், எல்லாம் ஒழுங்காக உள்ள வண்டிக்கு. கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் தவணைக்குக் காத்திருக்காதீர்கள்.

- ஆயில் கசிவு. கேம் சீல், கிராங்க் சீல் அல்லது வால்வு கவர் கேஸ்கட்டிலிருந்து ஆயில் இறங்கிப் பெல்ட்டை நனைத்தால் ரப்பர் ஊறி மென்மையாகும், பல் உதிரும். கசிவை நிறுத்திவிட்டு அதே பெல்ட்டைத் துடைத்துப் போடுவது தவறு. இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.
- கூலண்ட் கசிவு. வாட்டர் பம்ப் பக்கம் பச்சை, சிவப்பு அல்லது துருக் கறை தெரிந்தால் பெல்ட்டும் நனைந்திருக்கலாம்.
- ஓவர்ஹீட். இஞ்சின் ஒரு முறை கொதித்திருந்தாலும் பெல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.
- செம்மண் சாலை. செம்பனைத் தோட்டத்துக்குள் தினமும் போய் வரும் வண்டியில், கவர் உடைந்தோ அதன் ரப்பர் ஓரம் போயோ இருந்தால் தூசியும் சிறு கல்லும் உள்ளே புகும். பல்லுக்கும் புல்லிக்கும் நடுவே சிக்கிய ஒரு சிறு கல் போதும், பெல்ட் தாவிவிடும்.
- வெள்ளம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தாழ்வான சாலையில் இஞ்சின் மட்டம் வரை மூழ்கிய வண்டியில் டென்ஷனர் பேரிங்கின் கிரீஸ் கழுவப்பட்டிருக்கும். பெல்ட், பேரிங் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: நீங்களே திறந்து பாருங்கள்

இந்தப் படி, தவணை முடியாத வண்டியில் வேறு கோளாறு உண்டா என்று பார்ப்பதற்கு மட்டும். தவணை முடிந்த பெல்ட்டை ‘பார்க்க நன்றாக இருக்கிறது’ என்று விட்டுவைப்பதற்கு அல்ல.

பாதுகாப்பு முதலில்:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள்.
2. இஞ்சின் முழுதும் ஆறட்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பது நல்லது.
3. சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போடுங்கள். வீட்டில் வேறு யாரும் ஸ்டார்ட் செய்ய முடியாதபடி இருக்க வேண்டும்.
4. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.
5. மோதிரம், கைக் கயிறு, தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவையுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

பார்க்கும் முறை:

1. இஞ்சினின் ஒரு பக்கத்தில் மேலும் கீழுமாகப் பிளாஸ்டிக் கவர் இருக்கும். மேல் கவரை மட்டும் கழற்றுங்கள். பழைய சாகா, வீராவில் 10 எம்எம் ஸ்பேனர் போதும். கழற்றிய போல்ட்டுகளை ஒரு டப்பாவில் வரிசையாகப் போடுங்கள்.
2. டார்ச்சைச் சாய்த்து அடித்து பெல்ட்டின் முதுகைப் பாருங்கள். குறுக்கே மெல்லிய வெடிப்பு, கண்ணாடிபோல் மினுமினுப்பு இருந்தால் இறுகிவிட்டது.
3. இரண்டு ஓரங்களையும் பாருங்கள். வெள்ளை நூல் பிசிறாக நிற்கிறதா? ஓரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் புல்லியோ டென்ஷனரோ நேராக இல்லை.
4. கண்ணுக்குத் தெரியும் பற்களைப் பாருங்கள். துணி கழன்று ரப்பர் தெரிந்தாலோ பல் ஒன்று குறைந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள்.
5. சுத்தமான வெள்ளைத் துணியால் பெல்ட்டின் ஓரத்தைத் துடையுங்கள். துணியில் வழவழப்பான கறை வந்தால் ஆயில்.
6. கவரின் உட்புறத்தையும் துடைத்துப் பாருங்கள். கருப்பு ரப்பர்த் தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு. குவியலாக இருந்தால் பெல்ட் எங்கோ உரசுகிறது.
7. கவரை அதே போல்ட்டுகளால் மூடுங்கள். பிளாஸ்டிக், எனவே அளவுக்கு மீறி இறுக்க வேண்டாம்.

பெல்ட்டின் மறைந்த பகுதியைப் பார்ப்பதற்காக இஞ்சினைச் சுற்றவேண்டாம், ஸ்டார்ட் செய்யவே கூடாது. பெரும்பாலான இஞ்சின்களை வலப்பக்கமாக மட்டும் சுற்ற வேண்டும், பழைய ஹோண்டா சிவிக்கிலோ இடப்பக்கமாக. தவறான பக்கம் சுற்றினால் பெல்ட் தாவக்கூடும். அதைப் போர்மேனிடம் விடுங்கள்.

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ அனுபவமுள்ள போர்மேன் ஒருவரிடம் ஆறு ஆண்டு ஓடிய பெல்ட்டைக் காட்டினால் அவர் சொல்வது இப்படித்தான் இருக்கும்: ‘தம்பி, பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காடி எத்தனை வருஷம் ஓடிருச்சுன்னு பாரு. இந்த ரப்பர் வெடிச்சுக் காட்டாது, ஒரேயடியா போயிடும்.’ அவர் சொல்வது சரி. இப்போது வரும் பெல்ட்டுகளின் ரப்பர் பழைய ரகம்போல் வெளியே வெடித்துக் காட்டுவது குறைவு. உள்ளே இருக்கும் இழை நூல் இற்றுப்போவது கண்ணுக்குத் தெரியாது.

படி 7: முடிவு

*வண்டியை எடுக்காதீர்கள், இழுத்துச் செல்லுங்கள்:* பல் உதிர்ந்தோ அதன் துணி கழன்றோ இருந்தால், ஓரத்து நூல் பிரிந்து தொங்கினால், பெல்ட் தளர்ந்து ஆடினால்.

*இந்த வாரமே மாற்றுங்கள்:* மாற்றிய ஆதாரம் எதுவும் இல்லையென்றால், ஆண்டோ கிலோமீட்டரோ தவணையைக் கடந்திருந்தால், பெல்ட்டில் ஆயில் அல்லது கூலண்ட் பட்டிருந்தால், கவர் பக்கமிருந்து விசில்போல் அல்லது அரைக்கும் சத்தம் வந்தால்.

*அடுத்த சர்வீஸோடு மாற்றுங்கள்:* தவணைக்கு 5,000 கி.மீ. அல்லது 6 மாதம் மட்டுமே மீதம் இருந்தால், அல்லது இடையில் வரும் நீண்ட பயணத்தில் தவணை முடிவதாக இருந்தால்.

*தேதி குறித்துக் காத்திருங்கள்:* ஆதாரம் உள்ளது, தவணை மீதம் உள்ளது, திறந்து பார்த்ததில் குறையில்லை என்றால்.

நம் காலண்டரோடு பொருத்துங்கள்

தீபாவளிக்கு ஊர் திரும்புவது, தைப்பூசத்துக்குப் பத்துமலை போவது, மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குக் குடும்பத்தோடு வருவது எல்லாம் வண்டி நிறைய ஆட்களோடு போகும் நாள்கள். மலாக்காவிலிருந்து பத்துமலை போய் வர ஏறக்குறைய 300 கி.மீ. அந்தப் பயணத்தில் தவணை முடிவதாக இருந்தால் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். அந்த நேரத்தில் சீனர்களின் ஒர்க்‌ஷாப்களும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளும் பல நாள் மூடியிருக்கும். திறந்திருக்கும் கடையிலும் கூட்டம். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே தௌக்கேயிடம் (கடை முதலாளியிடம்) நாள் சொல்லி வையுங்கள். வேலை முடிந்த பிறகு ஒரு வாரம் உள்ளூரில் ஓட்டிப் பார்த்துவிட்டு நெடும்பயணம் கிளம்புங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

எப்போது மாற்றுவது என்ற முடிவு உங்களுடையது. மாற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். கேம் குறியும் கிராங்க் குறியும் ஒரு பல் பிசகினாலும் இஞ்சின் சரியாக ஓடாது, கெடவும் கூடும்.

1. டென்ஷனரும் பேரிங்கும் சேர்த்து மாற்றுங்கள். ‘அண்ணே, டென்ஷனர் சேர்த்துத்தானே சொல்றீங்க?’ என்று விலை பேசும்போதே கேளுங்கள். பழைய பேரிங் இறுகிப்போனால் புதுப் பெல்ட்டையும் அறுத்துவிடும்.
2. ஆயில் சீல். கேம், கிராங்க் சீல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் அப்போதே மாற்றுவது மலிவு, ஏனெனில் கழற்றும் கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.
3. வாட்டர் பம்ப். சில இஞ்சின்களில் டைமிங் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் சுழற்றும். உங்கள் வண்டி அந்த வகையா என்று கேளுங்கள். ஆம் என்றால் பம்ப்பையும் மாற்றுங்கள்.
4. இரண்டாவது பெல்ட். மிட்சுபிஷி 4ஜி63 வகை இஞ்சின்கள் சிலவற்றில் பேலன்சருக்கென்று தனியாக ஒரு சிறிய பெல்ட் உண்டு. அதுவும் அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கலாம். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும்.
5. பெட்டியைப் பாருங்கள். கேட்ஸ், மிட்சுபோஷி, பாண்டோ போன்ற அறிமுகமான தயாரிப்பை, நம்பகமான கடையில், பில்லோடு வாங்குங்கள். பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைப் பழைய பெல்ட்டோடு ஒப்பிடுங்கள். மடித்து நசுக்கிய பெல்ட்டை ஏற்காதீர்கள். உள்ளே இழை முறிந்திருக்கும்.
6. பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பெல்ட்டும் பேரிங்கும் உங்கள் கையில் இருந்தால் மாற்றியதற்கு அதுவே சாட்சி.
7. பில்லில் மீட்டர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். தேதி, மீட்டர் எண், மாற்றிய பாகங்கள் மூன்றும் இருக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ‘இன்னும் ஒரு தீபாவளி ஓட்டிப் பார்ப்போம்’ என்று தவணை முடிந்த பிறகும் தள்ளிப்போடுவது.
- பெல்ட்டை மட்டும் மாற்றி, டென்ஷனரை விட்டுவிடுவது. மிச்சமாகும் காசு சொற்பம்.
- ஃபேன் பெல்ட் மாற்றிய பில்லைப் பார்த்து டைமிங் பெல்ட் மாற்றியதாக நினைப்பது. இரண்டும் வேறு. ஃபேன் பெல்ட் வெளியே தெரியும், டைமிங் பெல்ட் கவருக்குள் இருக்கும்.
- கழற்றிய கவரைத் திரும்பப் போடாமல் ஓட்டுவது. நம் தோட்டப் பாதையில் இது பெல்ட்டைக் கொல்லும்.
- கவர் உடைந்த இஞ்சினில் அழுத்தமாகத் தண்ணீரும் கெமிக்கலும் அடித்து இஞ்சின் வாஷ் செய்வது.

ஓடும்போது பெல்ட் அறுந்தால்

முன்னறிவிப்பின்றி இஞ்சின் சட்டென்று நின்றுவிடும். அப்போது:

1. பதறி சாவியைத் திருப்பி எடுக்காதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.
2. ஹசார்ட் விளக்கைப் போட்டு, வண்டி ஓடும் வேகத்திலேயே இடது ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டியரிங் கனமாகும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் அதுவும் இறுகிவிடும். ஒரே அழுத்தமாகப் பிடியுங்கள்.
3. நெடுஞ்சாலையில் எல்லோரும் இடது பக்கமாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். வண்டிக்குள்ளோ வண்டியின் பின்னாலோ இருக்கவேண்டாம். முக்கோணப் பலகையை வெகு பின்னால் வையுங்கள்.
4. பிளஸ் நெடுஞ்சாலையில் சிம்பாங் அம்பாட், ஆயர் கெரோ, ஜாசின் பக்கம் நின்றுவிட்டால் பிளஸ்லைன் எண் 1800-88-0000ஐ அழையுங்கள். தெரியாத இழுவை வண்டி தானாக வந்து நின்றால் விலை பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.
5. மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றும் சத்தம் கேட்டால் பெல்ட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும், தப்பித்த வால்வையும் பிஸ்டன் போய் இடிக்கலாம்.
6. ஒர்க்‌ஷாப்பில் புதுப் பெல்ட் போட்டவுடன் இஞ்சினை ஓடவிடச் சொல்லாதீர்கள். முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு வளைந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இன்றே செய்யுங்கள்

ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் நான்கு வரி எழுதுங்கள்: மாற்றிய தேதி, மாற்றிய மீட்டர் எண், அடுத்த தேதி, அடுத்த மீட்டர் எண். அதை பானட்டின் உட்புறம் ஒட்டி, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வண்டியை நாளை மகன் ஓட்டினாலும் மருமகள் ஓட்டினாலும் அந்தத் தேதி அவர்களிடம் இருக்கும். முதல் இரண்டு வரியை நிரப்ப முடியவில்லையென்றால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்து இந்த வாரத்துக்கே நாள் வாங்குங்கள்.